மாடலரில் நல்ல டோன், பதிவில் கரகரப்பு – எங்கே தப்பு?

ஆறுதந்தி:
மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆம்ப் மாடலரில் (கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் பெட்டி) நேராக ஹெட்போனைச் செருகினால் டோன் அருமை. அதையே இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) வழியாக ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் பதிவு செய்து கேட்டால், ஆம்ப்பைக் கம்பளியால் போர்த்திவிட்டு வாசித்த மாதிரி அமுங்கிக் கிடக்கிறது. கிளீன் டோனில்கூட கொஞ்சம் அழுத்தி ஸ்ட்ரம் செய்தால் கரகரப்பு. போதாக்குறைக்கு, வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை காதில் விழுகிறது.

மாடலரின் இடது அவுட்டிலிருந்து சாதாரண கிட்டார் கேபிள் ஒன்று இன்டர்ஃபேஸின் முதல் இன்புட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் இணைப்பு. கெயினை அடிமட்டத்துக்கு இறக்கியும் விளக்கு சிவப்பாகிறது. ரீப்பரில் ஃபேடரையும் குறைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டில் எது பழுது?

பழைய_டியூப்:
இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். அந்த இன்புட்டுக்குப் பக்கத்தில் ‘இன்ஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், சிலதில் கிட்டார் படம் போட்டிருக்கும். அது எரிகிறதா பாருங்கள். எரிந்தால் அணைத்து லைனுக்கு மாற்றுங்கள்.

அந்தப் பொத்தான் கிட்டாரை நேராகச் செருகுபவர்களுக்கானது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வருவது பலவீனமான சிக்னல். மாடலரிலிருந்து வருவதோ லைன் லெவல், அதாவது ஆடியோ கருவிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வலுவான சிக்னல். ஸ்டுடியோ அளவான +4 டிபியூ என்றால் ஏறக்குறைய 1.23 வோல்ட். அதைக் கிட்டாருக்கான வாயில் ஊற்றினால் கெயின் அடிமட்டத்தில் இருந்தாலும் நிரம்பி வழியும். மாடலரின் அமைப்பில் அவுட்புட் லெவலை மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபேடரைத் தொட்டுப் பயனில்லை, அது பதிவுக்குப் பிந்தைய சமாச்சாரம். பதிவான அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகடுகள் கத்தரியால் நறுக்கினது போலத் தட்டையாக இருந்தால் இன்புட்டிலேயே வெட்டுப்பட்டிருக்கிறது. ஃபேடரைக் குறைத்தால் சத்தம் குறையும், கரகரப்பு அப்படியேதான் இருக்கும்.

நள்ளிரவு_ரிஃப்:
சகோ, ரீப்பரில் அந்த டிராக்கில் ஆம்ப் பிளக்இன் (ஆம்ப்பைப் போலச் செய்யும் மென்பொருள்) ஏதாவது ஓடுகிறதா? மாடலர் ஏற்கெனவே கேபினெட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது, சுருக்கமாக கேப்) போட்டுத்தான் அனுப்புகிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று மங்கிவிடும், அதைத்தான் கேப் சிமுலேஷன் காப்பியடிக்கிறது. அதற்கு மேல் பிளக்இன் இன்னொரு கேப்பைப் போட்டால் கம்பளிதான். இரண்டில் ஒன்றை அணையுங்கள். இரண்டையும் அணைத்துவிட வேண்டாம், அப்போது டிஸ்டார்ஷன் குளவிக்கூடு மாதிரி இரையும்.

இரட்டைச் சத்தம் வேறு கதை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரும் (உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குப் போகாமல் நேராகக் கேட்பது) ஓடுகிறது, ரீப்பரில் டிராக் மானிட்டரும் (அதையே கணினி வழியாகக் கேட்பது) ஓடுகிறது. பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலித் தொகுதி) 512 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் உள்ளே வரவே சுமார் 10.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு அவ்வளவு. நேராக வருவது முந்திக்கொள்கிறது, ரீப்பர் வழியாக வருவது பின்னால் ஓடி வருகிறது. மாடலர் வைத்திருப்பவர் ரீப்பர் மானிட்டரை அணைத்துவிட்டு டைரக்டிலேயே கேட்கலாம், டோன்தான் வெளியிலேயே தயாராகிவிடுகிறதே.

ஆறுதந்தி:
இன்ஸ்ட் எரிந்துகொண்டுதான் இருந்தது! போன மாதம் கிட்டாரை நேராகச் செருகிப் பதிவு செய்தபோது போட்டது. டிராக் டெம்ப்ளேட்டில் பழைய ஆம்ப் பிளக்இன்னும் அப்படியே. மூன்று தொல்லையும் போச்சு, நன்றி அண்ணா, நன்றி சகோ.

இப்போது புதிதாக ஒன்று. டோனைத் திருத்த மாடலரை யுஎஸ்பியில் கணினியோடு இணைத்தேன். உடனே பின்னணியில் கீச்சென்று ஒரு சத்தம். மவுஸை நகர்த்தினால் கூடவே அதுவும் நெளிகிறது.

ஒற்றை_காயில்:
எர்த் லூப். அடாப்டரின் எர்த் பின்னை உடைத்துவிடுங்கள், நின்றுவிடும்.

பழைய_டியூப்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் பின் உயிரைக் காக்க இருப்பது. கிட்டார் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற விளையாட்டில்லை இது.

ஆனால் காரணம் சரி. யுஎஸ்பி வழியாக ஒரு கிரவுண்ட், ஆடியோ கேபிள் வழியாக இன்னொரு கிரவுண்ட், இரண்டும் ஒரே கணினியில் போய் வளையமாகச் சேர்கின்றன. டோனைத் திருத்தி முடித்ததும் யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்வதுதான் சுலபமான வழி. இரண்டும் வேண்டுமென்றால், மாடலரின் அவுட் பேலன்ஸ்டாக (இரைச்சலை ரத்து செய்ய இரண்டு சிக்னல் கம்பிகள் உள்ள வகை) இருக்கும் பட்சத்தில் அதற்கான டிஆர்எஸ் கேபிள் போட்டுப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் வகை) அவுட்டில் கிரவுண்ட் லிஃப்ட் (கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதுவும் உதவும், ஆனால் இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் அணைந்திருக்க வேண்டும், மாடலரின் வால்யூமையும் குறைக்க வேண்டும். அது மைக் பிரீஆம்ப்புக்குள் போகிறது, மறுபடி நிரம்பி வழியும். இது எதற்கும் அடங்காவிட்டால், கிரவுண்டைப் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசோலேட்டர்.

நள்ளிரவு_ரிஃப்:
யுஎஸ்பி இணைத்தாகிவிட்டது, அப்புறம் நடுவில் இன்டர்ஃபேஸ் எதற்கு? உங்கள் மாடலர் யுஎஸ்பி ஆடியோவைத் தருமானால் அதையே இன்டர்ஃபேஸாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்கும் சுற்றும் மிச்சம். விண்டோஸில் ரீப்பர் ஒரு நேரத்தில் ஒரு ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைவான ஆடியோ) டிரைவரைத்தான் எடுக்கும், அதனால் ஹெட்போனையும் மாடலரில்தான் செருக வேண்டும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பல மாடலர்கள் எஃபெக்ட் ஏறாத வெறும் கிட்டாரைத் தனி சேனலில் அனுப்பும். அதையும் இன்னொரு டிராக்கில் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு டோன் பிடிக்காமல் போனால் மறுபடி வாசிக்காமலேயே ரீஆம்ப் செய்துகொள்ளலாம், அதாவது அந்தப் பதிவையே வேறு ஆம்ப் டோன் வழியாக அனுப்பலாம்.

ஆறுதந்தி:
யுஎஸ்பி வழிக்கே மாறிவிட்டேன், கீச்சுச் சத்தம் சுத்தமாக இல்லை. 24 பிட்டில் உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கிறது, சிவப்பே இல்லை. வெறும் கிட்டார் டிராக்கும் சேர்ந்து விழுகிறது. கொஞ்சம் உறுமல் மட்டும் மிச்சம். ஆனால் கிட்டாரின் வால்யூமை மூடினால் நின்றுவிடுகிறது.

ஒற்றை_காயில்:
பின் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும். இந்த உறுமல் என் துறை. சிங்கிள் காயில் பிக்கப்தானே? அந்த ஒற்றைச் சுருள் வகை சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் பிடிக்கும். மானிட்டரையும் அடாப்டரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, கிட்டாரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும்.

ஆறுதந்தி:
அடங்கிவிட்டது! திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ரெக்கார்ட் பொத்தானுக்குத்தான் இப்போது கை எட்டவில்லை.