பங்குனியில் மதுரைக்கு விருந்தாளிகள்: வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கூட்டிப் போகலாமா, வேண்டாமா?

ஆனையூர்க்காரி
எல்லாருக்கும் வணக்கம். பங்குனி கடைசி வாரம் கோயம்புத்தூர்ல இருந்து எங்க நாத்தனார் குடும்பம் வருது. நாத்தனார், அவங்க வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பையன், 68 வயசுல அவங்க மாமியார். மூணு ராத்திரி தங்குறாங்க. பகல்ல கீழடி, அழகர்கோயில்னு நாங்க பார்த்துக்குவோம். பொழுது சாய்ஞ்ச பிறகு என்ன பண்றதுனுதான் தெரியலை. யார் வந்தாலும் ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்து, மால்ல ஒரு படம் பார்த்து பஸ் ஏத்தி விட்டுடுறோம். இந்தத் தடவை நாத்தனார் போன்ல, "அண்ணி, உங்க ஊர்ல பாட்டு, கூத்துனு ஏதாவது இருந்தா கூட்டிப் போங்க"ன்னாங்க. 22 வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், சட்டுனு ஒரு இடம் வாயில வரலை. சொல்லுங்க.

தெப்பக்குளம் தென்கரை
அக்கா, பங்குனின்னா யோசிக்கவே வேண்டாம். வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருப்புவனம்னு எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு ஊர்ல மாரியம்மன் பொங்கலுக்கு நாடகம் போட்டிருப்பாங்க. டிக்கெட் கிடையாது. ஊர்ல வரி பிரிச்சு நடத்துறது, யார் வேணா போய் உட்காரலாம்.

இதுக்குப் பேரு ஸ்பெஷல் நாடகம். ஒரு கம்பெனி மொத்தமா வந்து நடத்துறது இல்லை. ராஜபார்ட்ங்கிற கதாநாயகன் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்ங்கிற கதாநாயகி ஒரு ஊரு, சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியம் ஒரு ஊரு. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. சேர்ந்து ஒத்திகை பார்க்கிறதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம், மிச்சமெல்லாம் அன்னிக்கு ராத்திரி அந்த மேடையிலதான் பிறக்கும். 1918ல இதே மதுரையில தத்துவ மீனலோசனி வித்வ பால சபாங்கிற சிறுவர் நாடகக் குழுவை ஆரம்பிச்சவர் அவர். தமுக்கம் மைதானத்து வாசல்ல சிலையா நிக்கிறாரே, தினம் பார்த்துக்கிட்டே போறோமே, அவரேதான். வேற எந்த ஊர்ல விருந்தாளிக்கு இப்படி ஒண்ணைக் காட்ட முடியும்?

வடக்குமாசி
தம்பி, நாடகத்து மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்கும் உண்டு. ஆனா இந்தக் குடும்பத்துக்கு இது வேண்டாம். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில இருந்து வந்த எங்க சித்தப்பா, சித்தியை ஒரு ஊருக்கு இப்படித்தான் கூட்டிட்டுப் போனேன். நோட்டீஸ்ல இரவு 9 மணினு போட்டிருந்துச்சு. திரை தூக்கும்போது 11. மண் தரையில பாய். சித்திக்கு மூட்டுவலி. பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது, பாவம், தண்ணிகூட குடிக்காம உட்கார்ந்திருந்தாங்க. பபூன் வந்தார், டான்ஸ் ஆடுற பொண்ணு வந்துச்சு, ஒரே ரெட்டை அர்த்தம். முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க பாதிப்பேர் குடிச்சிருந்தாங்க. ஒருத்தன் மேடை ஓரத்துல போய் நின்னு அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா செல்போனை நீட்டிக்கிட்டே இருந்தான். யாரும் தடுக்கலை. 1 மணிக்கு எழுந்து வந்துட்டோம். கார்ல சித்தப்பா, "இதுக்காடா இவ்வளவு தூரம் கூட்டி வந்த?"ன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் ஆறலை.

விருந்தாளின்னா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கணும், உட்கார நாற்காலி வேணும், கழிப்பறை வேணும். இது மூணும் இல்லாத இடத்துக்கு 68 வயசு அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்றது நியாயம் இல்லை.

பசுமலை வாத்தியார்
மதுரையில் மாலைப் பொழுதுக்கு ஒன்றுமில்லை என்று மதுரைக்காரர்களே சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமி 1916இல் பிறந்த ஊர் இது. மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டு முகப்பில் வீணை உருவம் பதித்திருக்கும்; அந்த வழியாகப் பூ வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்? மணி ஐயர், சோமு, சேஷகோபாலன் எல்லாரும் பெயருக்கு முன்னால் மதுரையைச் சுமந்த பாடகர்கள். தல்லாகுளம் பக்கம் ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால் இரண்டிலும் கச்சேரி, நடனம், நாடகம் என்று அடிக்கடி நிகழ்ச்சிகள் உண்டு. காலை நாளிதழில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைப் பார்த்தால் போதும். நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் இருக்கிறது.

ஓர் இரவை மீனாட்சி கோயில் பள்ளியறை பூசைக்கு ஒதுக்குங்கள். கடைகள் அடைத்து, கூட்டம் வடிந்த பிறகு சுந்தரேசுவரர் சன்னதியிலிருந்து இறைவனின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவார்கள். கூடவே தீவட்டி, நாதஸ்வரம். பகலில் இரைச்சலில் கரைந்துவிடும் அந்த நாதஸ்வரம், ஆளில்லாத கல் பிரகாரத்தில் தூணுக்குத் தூண் பட்டுத் திரும்பி வரும். ஒலிபெருக்கி இல்லாமல் அந்த வாத்தியத்தை இப்படிக் கேட்பது இன்றைக்கு அரிது. கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அதுவும் நல்லதுதான்.

தெப்பக்குளம் தென்கரை
ஐயா, பள்ளியறை பூசை எல்லாரும் ஒரு தடவையாவது பார்க்கணும், ஒத்துக்கிறேன். ஆனா அது வழிபாடு. சாயங்காலம் எங்க போகலாம்கிற பட்டியல்ல அதைச் சேர்த்தா, நாளைக்கு ஆளுக்கொரு கும்பலா வேடிக்கை பார்க்க வந்து நிப்பாங்க.

பசுமலை வாத்தியார்
தம்பி, கோயிலில் வாசிக்கிறவரும் கலைஞர்தான். காது கொடுத்துக் கேட்க ஆள் வந்தால் அவருக்கு அதில் குறைச்சல் என்ன?

சிம்மக்கல்
நாயக்கர் மகாலை யாருமே சொல்லலையே! ராத்திரி ஒலி ஒளிக் காட்சி, தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. சிலப்பதிகாரக் கதை, நாயக்கர் கதை. 1636ல கட்டினது, இப்போ நாம பார்க்கிறது அதுல கால்வாசி பக்கம்தான்னு சொல்லி அந்தத் தூண்களைக் காட்டினாலே பையன் வாயைப் பிளப்பான். மராமத்து நடக்கும்போது காட்சியை நிறுத்தி வைப்பாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகத்தையும் விட்டுடாதீங்க, பையனுக்குப் பிடிக்கும்.

வடக்குமாசி
சிம்மக்கல் சொல்றதுதான் சரி. முதல் நாள் மகால், ரெண்டாம் நாள் பள்ளியறை, மூணாம் நாள் ஏதாவது கச்சேரி. அம்மா ரொம்ப நேரமாகாம வீட்டுக்கு வந்து படுத்துடலாம். நாடகம் பார்க்கணும்னா நம்ம ஊர்க்காரங்க நாம போய்ப் பார்ப்போம்.

ஆர்மோனியப்பெட்டி
ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ. இதுக்குப் பதில் எழுதாம இருக்க முடியலை. எங்க அப்பா 34 வருஷம் நாடகத்துக்குப் பெட்டி, அதான் ஆர்மோனியம், வாசிச்சவர்.

வடக்குமாசி அண்ணே, நீங்க பார்த்தது எல்லாம் நிஜம். ஆனா நீங்க எழுந்து வந்தப்போ நாடகம் ஆரம்பிக்கவே இல்லை. 1 மணிக்கு மேலதான் வள்ளி வருவா. தினைப்புனத்துல பரண் மேல நின்னு ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவா. அப்புறம் நாரதர் வந்து வாதத்தைக் கிளப்புவார். முருகன் வேடனா வந்து வள்ளி முன்னாடி நிக்கும்போது மணி 3 ஆகியிருக்கும். அந்தத் தர்க்கம்தான் நாடகத்தோட உயிரு. முருகன் பாட்டுல ஒரு கேள்வியைப் போடுவார், வள்ளி பாட்டுலயே திருப்பணும். எதிர்ல நிக்கிறவர் என்ன கேட்கப் போறார்னு அந்தம்மாவுக்குத் தெரியாது, பெட்டிக்காரருக்கும் தெரியாது. அப்பா பெட்டியைப் பார்த்தே வாசிக்க மாட்டார், பாடுறவங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது திருப்புவனம் பக்கம் ஒரு ஊர்ல அப்பாவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். வள்ளி வேஷம் கட்டின அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. முதல் பாட்டு மேல போகும்போதே குரல் பிசிறடிச்சுருச்சு. அப்பா ஒண்ணும் பேசலை. அடுத்த பாட்டுக்குச் சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பிடிச்சார். முருகன் வேஷக்காரர் ஓரக்கண்ணால அப்பாவைப் பார்த்தார், அவரும் இறங்கிட்டார். மிருதங்கக்காரர் கையைக் கொஞ்சம் அடக்கிக்கிட்டார். அந்தம்மா விடியிற வரை நின்னு பாடினாங்க. முன்னாடி போர்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பெட்டிக்காரன் புள்ளையக் காப்பாத்திட்டான்டி"னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அப்படிக் கேட்கத் தெரிஞ்சவங்க 3 மணிக்குத்தான் முழிச்சிருப்பாங்க.

அதனால ஆனையூர் அக்கா, 9 மணிக்குப் போகாதீங்க. சாப்பிட்டுத் தூங்குங்க. 2 மணிக்கு எழுந்து போங்க. குடிச்சவங்க எல்லாம் அதுக்குள்ள சாஞ்சிருப்பாங்க, முன்னாடி இடம் கிடைக்கும். வயசானவங்கன்னு சொன்னா விழாக் கமிட்டியில நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. கிழக்கு வெளுக்குறப்போ கல்யாணம் முடியும், டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க.

வடக்குமாசி
தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். தர்க்கம் பார்க்காம வந்தது என் தப்புதான். ஆனா உங்க யோசனையில ஒண்ணு உறுத்துது. 10 மணியில இருந்து கூட்டத்தைப் பிடிச்சு உட்கார வைக்கிறது பபூனும் அந்த டான்ஸ் பொண்ணும். அவங்களை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் பார்க்கலாம்னா, அவங்க செய்யிறது கலை இல்லைனு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா? விருந்தாளிக்கு முழுசா காட்ட முடியாததை நம்ம ஊர்க் கலைனு எப்படிச் சொல்றது?

ஆர்மோனியப்பெட்டி
அண்ணே, இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுக்க பதில் எழுதாம வச்சிருந்தேன்.

பள்ளிக்கூடத்துல என்னை "கூத்தாடி மக"ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால எனக்கும் அந்த முதல் மூணு மணி நேரம்னா கூச்சம். என்னை அறியாமலேயே அதைத்தான் மேல எழுதிட்டேன் போல. அப்பா கூட டான்ஸுக்கு வர்ற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. விடியக்காலம் பஸ்ல திரும்புறப்போ முகத்தை அழுந்தத் துடைச்சிட்டு, தலையோட முக்காடு இழுத்துக்கிட்டு, டிரைவருக்குப் பின்னாடி சீட்ல ஒடுங்கி உட்கார்ந்துக்குவாங்க. ராத்திரி விசில் அடிச்சவன் அதே பஸ்ல இருந்தா அடையாளம் கண்டுக்கக் கூடாதுனு.

ரெட்டை அர்த்தம் அவங்களா ஆசைப்பட்டுப் பேசுறது இல்லை, முன்வரிசை கேட்டு வாங்குறது. பெண்களும் பிள்ளைகளும் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஊர்ல அதே பபூன் மாமியார் மருமகள் சண்டை, வெங்காய விலைனு வேற கதை பேசுவார், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். நான் பார்த்திருக்கேன். மானம் மரியாதைக்குப் பயந்து நாம எல்லாம் பின்னாடி போயிட்டா, இல்லை எழுந்தே வந்துட்டா, முன்வரிசை யார் கையில போகும்? அந்த செல்போன்காரனைத் தடுக்க உங்களை மாதிரி ஒருத்தர் அங்க இருந்திருந்தா போதும்ணே.

முன்ன சொன்னதை மாத்திக்கிறேன். அம்மாவும் நாத்தனாரும் 2 மணிக்கு வரட்டும், உடம்பு முக்கியம். ஆம்பளைங்க பையனோட 10 மணிக்கே போய் முன்னாடி உட்காரணும். யாரையும் படம் எடுக்கக் கூடாது. பாட்டு பிடிச்சிருந்தா அன்பளிப்பு குடுங்க, மைக்ல பேரைச் சொல்லுவாங்க. நோட்டை உடுப்புல குத்தாதீங்க, கையில குடுங்க. டான்ஸுக்கு வந்தவங்களுக்கும் பபூனுக்கும் அதே மாதிரி கையில குடுங்க.

தெப்பக்குளம் தென்கரை
அக்கா, எந்த ஊர்ல என்னைக்கு நாடகம்னு தெரியணும்னா சுண்ணாம்புக்காரத் தெருவுல நாடக நடிகர் சங்கத்துப் பக்கம் போய்க் கேளுங்க. அங்க நடிகர் படமெல்லாம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நல்ல வள்ளி எந்த ஊருக்கு வர்றாங்கனு அங்க டீ குடிக்கிறவங்களே சொல்லிடுவாங்க.

பசுமலை வாத்தியார்
நாடகத்துக்கு மறுநாள் மாலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியறை முதல் நாள் இரவு இருக்கட்டும். ஆர்மோனியப்பெட்டி எழுதியதைப் படித்தபின் நானும் எழுபது வயதில் ஒரு முறை விடிய விடிய உட்காரலாம் என்று தோன்றுகிறது.

ஆனையூர்க்காரி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல் நாள் பள்ளியறை. ரெண்டாம் நாள் நாடகம், எங்க வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்காரரும் பையனும் 10 மணிக்கு, நாங்க மூணு பேரும் 2 மணிக்கு. மூணாம் நாள் தெப்பக்குளக் கரையில சும்மா உட்காரலாம்னு இருக்கோம். நாத்தனார்கிட்ட சொன்னேன். அவங்க மாமியார் போனை வாங்கி, "வள்ளி யாரும்மா கட்டுறது?"னு கேட்டாங்க. சின்ன வயசுல பல்லடம் பக்கம் பார்த்திருக்காங்களாம்.

வடக்குமாசி
அம்மாவே அப்படிக் கேட்டாச்சுன்னா நான் குறுக்க நிக்கலை. ஆனா கழிப்பறை விஷயத்துல என் பேச்சு மாறாது. அதுக்கு வழி இல்லாத ஊர்னா என் பதில் இன்னிக்கும் வேண்டாம்தான். வழி இருந்தா நானும் 10 மணிக்கு வர்றேன்.

ஆர்மோனியப்பெட்டி
மேலூர் பக்கம் ஒரு ஊரு, அந்த வாரம் வெள்ளிக்கிழமை பொங்கல். கோயிலுக்கு எதிர்லயே பள்ளிக்கூடம் இருக்கு. கமிட்டித் தலைவர் அப்பாவுக்குப் பழக்கம், அங்க கழிப்பறையை அன்னிக்கு ராத்திரி பூட்டாம வைக்கச் சொல்லிட்டேன். லைட் எரியுதானு நான் போய்ப் பார்த்துட்டு வந்து இங்க எழுதுறேன் அண்ணே.