அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்ன சொல்வது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். போன வாரம் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் விரிவாக எழுதிய ஒரு யோசனையை எடுத்துக்கொண்டோம். நாம் ஏழையா பணக்காரரா, உடல்நலம் எப்படி, எந்தக் குடும்பத்தில் பிறப்போம் என்று எதுவுமே தெரியாமல் சமூகத்துக்கு விதி எழுத வேண்டும். அப்போது கடைசியில் நிற்பவரையும் நினைத்துத்தான் எழுதுவோம் என்பது அவர் வாதம்.

கடலைமிட்டாயை வைத்து விளக்கினேன். உடைப்பவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்றதும் ஒரு பையன் ஸ்கேல் வைத்து அளந்து உடைத்தான். அதுவரை சரி. அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: "சார், எங்க தெருவுக்குத் தண்ணி எப்பவும் கடைசியாத்தான் வருது. இனிமே சமமா விட்டாலும், இத்தனை வருஷம் எங்கம்மா குடம் தூக்கினதுக்கு என்ன கணக்கு?"

ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அது மிகவும் பின்தங்கியவருக்கு நன்மை தர வேண்டும் என்ற ரால்ஸின் விதியைச் சொன்னேன். அது நாளைக்கான பதில். அவள் கேட்டது நேற்றைப் பற்றி.

அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தாரே, அங்கிருந்து தொடங்கலாமா? பழைய அநீதிக்கு ஈடுசெய்வது பற்றி எளிய தமிழில் கட்டுரை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். வகுப்பில் நீங்களே நடத்திப் பார்த்த விளையாட்டு இருந்தால் இன்னும் நல்லது. வரும் ஞாயிறு பதில் சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.