புதுப்பிப்பு: ஜெபத்தில் மனம் நிற்கவில்லை என்று கேட்டிருந்தேனே

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரவில் செய்தியும் ரீல்ஸும் பார்த்தபின் ஜெபத்தில் மனம் அலைபாய்வதாகக் கேட்டிருந்தேன்.

வேதாகமச் செயலி எனக்குச் சரிவரவில்லை. வசனத்துக்கு மேலேயே அறிவிப்புகள் வந்து விழுந்தன. பலித்தது, போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு அச்சு வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தை (அதிலுள்ள துதிப் பாடல்களில் ஒன்றை) வாய்விட்டு வாசிக்கும் யோசனைதான். 46-ஆம் சங்கீதத்தில் தொடங்கினேன். 11 வசனங்களே, கொந்தளிக்கும் கடலைச் சொல்லிவிட்டு, 10-ஆம் வசனத்தில் அமர்ந்திருக்கச் சொல்கிறது. தூக்கம் உடனே வரவில்லை, ஆனால் பதற்றம் அடங்கியது.

எதிர்பாராதது: அதிக இரைச்சல் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில்தான்! போதகரிடம் சொல்லிவிட்டே மியூட் செய்தேன். "நானும் அப்படித்தான், தம்பி" என்று சிரித்தார்.

சென்னை சாந்தோம் கத்தோலிக்கப் பேராலயத்தில் வார நாள் மதியம் சும்மா உட்காரலாம் என்ற யோசனையும் நல்லதாக இருந்தது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்ல); ஆனாலும் யாரும் எதுவும் கேட்கவில்லை.