அடிமைப் பெண்ணுக்காக வாதாடிய தியோடர் செட்ஜ்விக்கை மாணவர்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: சுங்கை சிப்புட் ஆசிரியை

வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வாசகர் வட்டம் கூடுகிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்களும், ஒரு காலத்தில் பால்மரம் சீவிய பெரியவர்களும் அதற்கு வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அமெரிக்காவின் தொடக்ககால வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினரும் நீதிபதியுமான தியோடர் செட்ஜ்விக்கைப் பற்றி நான் பேச வேண்டும்.

அவர் 1746-இல் கனெக்டிகட்டில் பிறந்தார். யேல் கல்லூரியில் சேர்ந்தும் படிப்பை முடிக்காமல் வெளியேறி, சட்டம் பயின்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில் தொழில் செய்தார். 1781-இல் பெட் என்ற அடிமைப் பெண்ணுக்காக வழக்காடி விடுதலை பெற்றுக் கொடுத்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்தார். 1799 முதல் 1801 வரை பிரதிநிதிகள் அவையின் தலைவர். 1802 முதல் 1813-இல் இறக்கும்வரை மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி.

இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிடலாம். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தப்பியோடிய அடிமைகளை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைப்பதற்காக 1791-இல் மசோதா வரைந்த குழுவிலும் இதே மனிதர் இருந்திருக்கிறார். பெட்டின் வழக்கைக் கேட்டு மகிழும் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கின் சட்ட நுட்பத்தையும் எளிமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஈப்போ வழக்கறிஞர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வழக்கிலிருந்தே தொடங்குங்கள், ஏனெனில் அது சட்டம் படிக்காதவருக்கும் விளங்கக்கூடியது. பெட், ஷெஃபீல்டு ஊரின் பெருநிலக்கிழாரும் நீதிபதியுமான ஜான் ஆஷ்லியின் வீட்டில் அடிமையாக இருந்தார். அந்த வீட்டு அம்மையார் ஹன்னா ஒருநாள் சினம் மிகுந்து, அடுப்பில் காய்ந்த கரண்டியை இன்னொரு பெண்ணின் மேல் ஓங்கியபோது, பெட் குறுக்கே கையை நீட்டி அந்த அடியைத் தாமே வாங்கிக்கொண்டார். தழும்பு கடைசிவரை மறையவில்லை. அதை அவர் துணியால் மூடவும் இல்லை. யாராவது கேட்டால், அம்மையாரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவாராம்.

மாசசூசெட்ஸ் 1780-இல் தனக்கென ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் விதி கூறுகிறது. ஆண்டைகள் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டே, எழுத்தறியாத பெட் இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு செட்ஜ்விக்கிடம் சென்றார். செட்ஜ்விக், பின்னாளில் லிட்ச்ஃபீல்டில் பெயர்பெற்ற சட்டப் பள்ளி நடத்திய டாப்பிங் ரீவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பெட்டுக்கும் அதே வீட்டு அடிமையான ப்ரோம் என்பவருக்குமாகச் சேர்த்து வழக்குத் தொடுத்தார்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் முறையின்றிப் பிடித்து வைத்திருக்கும் உடைமையை விடுவிக்கச் சொல்லும் மீட்பாணையை அவர் தேர்ந்தெடுத்தார். இவர்கள் ஆஷ்லியின் உடைமை அல்லர், ஆகவே விடுவி என்று ஆணை பிறந்தது. ஆஷ்லியோ, இவர்கள் ஆயுள் முழுதும் எனக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று மறுத்தார். இதனால் யார் யாருக்குச் சொந்தம் என்ற அடிப்படைக் கேள்வியையே கிரேட் பாரிங்டன் மாவட்ட நீதிமன்றத்து ஜூரிகள் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. 1781 ஆகஸ்டில் அவர்கள் பெட், ப்ரோம் பக்கம் தீர்ப்பளித்து, ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்றார்கள். ஆஷ்லி மேல்முறையீடு செய்து, பிறகு தாமே அதைக் கைவிட்டார். 1783-இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், குவாக் வாக்கர் என்பவரின் வழக்கில் அதே முதல் விதியைக் கொண்டு, அடிமைமுறை இந்த அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று ஜூரிகளிடம் எடுத்துரைத்தார். 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் அம்மாநிலத்தில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), பாகான் செராய்

வழக்கறிஞர் தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். ஆசிரியை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

செட்ஜ்விக் ஒழுங்கையும் சொத்துரிமையையும் உயிராக மதித்தவர். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய குடியானவர்கள், நிலம் ஏலம் போவதைத் தடுக்க நீதிமன்றங்களை முற்றுகையிட்டுக் கிளர்ந்தெழுந்தபோது (டேனியல் ஷேஸின் பெயரால் வழங்கும் கிளர்ச்சி அது), அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1787-இல் கிளர்ச்சிக்காரர்கள் ஸ்டாக்பிரிட்ஜில் இருந்த அவர் வீட்டைக் கொள்ளையிட வந்தார்கள். அப்போது அங்கே கூலிக்கு வேலை செய்துவந்த பெட், வெள்ளிப் பாத்திரங்களைத் தம் சொந்தப் பெட்டியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதாக அந்தக் குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1791 மசோதாவையும் இந்த இயல்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஜான் டேவிஸ் என்ற கறுப்பினத்தவரைப் பென்சில்வேனியாவிலிருந்து விர்ஜீனியாவுக்குக் கடத்திச் சென்றவர்களை ஒப்படைக்க விர்ஜீனியா மறுத்ததால் எழுந்த பூசல், ஜனாதிபதி வாஷிங்டன் வரை போய், அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தது. தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்த உடன்பாடு. செட்ஜ்விக் இருந்த குழுவின் மசோதா நிறைவேறவில்லை. பின்னர் மேலவையிலிருந்து வந்த வேறொரு மசோதாதான் 1793-இல் சட்டமாயிற்று. தம் மாநில அரசியலமைப்பின் எழுத்தைக் கொண்டு ஒரு பெண்ணை மீட்டவர், கூட்டாட்சி அரசியலமைப்பின் எழுத்துக்காக மற்றவர்களைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டுக்கும் கைகொடுத்தார். இதனால் நேர்ந்த கேட்டை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மனிதருக்குள் இரண்டும் எப்படி இடம்பெற்றன என்பதற்கு எனக்குப் படும் விளக்கம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மண்டபத்துக்கு வரும் பெரியவர்கள், எங்கள் தாத்தாவும் இப்படித்தான் வந்தார் என்று சஞ்சிக்கூலியை (ஒப்பந்தக் கூலிமுறையை) நினைவுகூர்வார்கள். பேசட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் சஞ்சிக்குக் கொடுமையாக இருந்தாலும் ஒரு காலவரம்பு இருந்தது. மலாயாவில் 1910-இல் அது நிறுத்தவும் பட்டது. பெட்டுக்கோ காலவரம்பே இல்லை, அவர் வயிற்றில் பிறக்கும் பிள்ளையும் ஆண்டையின் சொத்து. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடல் காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் ஒன்று அனுப்பிய கடிதங்களைத் தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். படிக்கத் தெரியாதவர்கள்தாம் அன்று மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்டார்கள். ஆதலால், பெட் காதால் கேட்டே தம் உரிமையை உணர்ந்தார் என்பதை நான் தயக்கமின்றி நம்புகிறேன்.

மறுமொழி 3: வரலாற்று மாணவி, கோலாலம்பூர்

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெட்டைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி செட்ஜ்விக் குடும்பத்தார் எழுதியவையே. தழும்புக் கதையையும் வெள்ளிப் பாத்திரக் கதையையும் விரிவாக எழுதியவர் செட்ஜ்விக்கின் மகளும் நாவலாசிரியருமான காதரின் மரியா செட்ஜ்விக். தாயார் பமேலா நெடுங்காலம் மனநோயால் துன்புற்றமையால், அந்தப் பிள்ளைகள் பெட்டின் கையில் வளர்ந்தவர்கள். அவர்கள் அன்போடு எழுதினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தங்கள் தந்தையை நாயகனாகவும் பெட்டைத் தங்களுக்கு உண்மையான ஊழியராகவும் காட்டும் நாட்டம் அந்த எழுத்தில் இருக்கத்தான் செய்யும். ஆகவே நீதிமன்றப் பதிவு எது, குடும்ப நினைவு எது என்று பிரித்துச் சொல்லுங்கள், அக்கா.

வழக்கு முடிந்ததும் ஆஷ்லி சம்பளம் தருவதாகச் சொல்லித் திரும்ப அழைத்தார் என்றும், பெட் மறுத்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார், பிரசவம் பார்த்தார், நோயாளிகளைக் கவனித்தார், ஸ்டாக்பிரிட்ஜில் தம் பணத்தில் வீடு வாங்கினார், 1829-இல் இறந்தார். இந்த வாழ்க்கைக்கு உங்கள் உரையில் செட்ஜ்விக்கின் பதவிப் பட்டியலைவிடக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செட்ஜ்விக்கின் நீதிபதி வாழ்வில் பதவிக்காலத்தைவிட முக்கியமானது 1810-இல் வந்த கிரீன்வுட் எதிர் கர்ட்டிஸ் வழக்கு. ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடிமை வணிகத்தின்போது எழுதிக்கொடுத்த ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக ஒருவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தம் எழுதப்பட்ட இடத்தில் அது செல்லும் என்பதால் இங்கும் வசூலிக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். அறநெறிக்கே மாறான வணிகத்தில் பிறந்த ஒப்பந்தத்துக்கு எங்கள் நீதிமன்றம் துணைபோகாது என்று செட்ஜ்விக் தனித்து மறுத்து எழுதினார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: சுங்கை சிப்புட் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டின் வழக்கை முதலில் சொல்லி, 1791 மசோதாவையும் 1810 மாறுபட்ட தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்து, ஆறாம் படிவ மாணவர்களை இரு அணியாகப் பிரித்து விவாதிக்கச் சொல்லப்போகிறேன். மீட்பாணையைப் பற்றி வழக்கறிஞர் அண்ணன் எழுதிய பகுதியை அச்சிட்டுக் கொடுக்க அனுமதி வேண்டும். கிராணி ஐயா அந்தச் சனிக்கிழமை வரக்கூடுமானால், ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வர ஏற்பாடு செய்கிறோம்.