புதுப்பிப்பு: "புதுக் கோச்சுக்கு 4 வருஷம் கொடுங்கள்" என்று எழுதியிருந்தேனே…

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புதிதாக வரும் கோச் அணியைத் தூக்கி நிறுத்தக் குறைந்தது 4 வருஷமாவது வேண்டும் என்று இந்த இழையின் தொடக்கத்தில் அடித்துச் சொல்லியிருந்தேன். இரண்டே வருஷம் போதும் என்றவர்களைக் கிண்டலும் செய்தேன். சரி, இப்போது என்னைக் கிண்டல் செய்யலாம்.

இண்டியானா பல்கலைக்கழக அணி 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. புதுக் கோச் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் சீசனிலேயே 11-2. அடுத்ததில் 16-0, தேசியப் பட்டம்! மியாமிக்கு எதிரான இறுதி ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைசிக் கால்பகுதி, நான்காவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி முயற்சி. சிக்னெட்டி முதலில் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து 3 புள்ளி) அடிக்கத்தான் ஆட்களை அனுப்பினார். டைம்-அவுட் கேட்டு மனசை மாற்றினார். இண்டியானாவின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் வீரர்) மெண்டோசா பந்தோடு 12 யார்டு ஓடி, இடிபட்டு, சுழன்று, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். முடிவு 27-21.

நான் கணக்கில் விட்டது, 2021இல் மாறிய விதி. அதுவரை ஒரு வீரர் வேறு கல்லூரிக்குத் தாவினால் பொதுவாக ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். இப்போது உடனே ஆடலாம். சிக்னெட்டி, தான் முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகப் பையன்களையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனாலும் முழுசாகச் சரணடைய மாட்டேன். கொலராடோவைப் பாருங்கள்: கோச் டீயான் சாண்டர்ஸின் கீழ் 4-8, 9-4, அப்புறம் நட்சத்திர வீரர்கள் ஹண்டரும் ஷெடூரும் போனதும் 3-9. இதில் எந்த வருஷத்தை "கட்டி முடித்தாயிற்று" என்று எழுதுவது? 9-4 வந்தபோது நானே அப்படித்தான் எழுதினேன், அது வேறு விஷயம்.