மார்வெல் வெர்சஸ் காப்காம் 2: சென்டினலை எப்படிச் சமாளிப்பது?

வணக்கம் மக்களே. 2000இல் வந்த இந்தச் சண்டை வீடியோ கேமில் தேர்ந்தெடுக்க 56 கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆன்லைனில் போனால் திரும்பத் திரும்ப மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள், இந்த நால்வர்தான். மீதியில் பாதிப் பேர் சும்மா கூட்டம் காட்ட. சண்டைக்கு நடுவே எதற்கு ஜாஸ் பாட்டு என்றும் புரியவில்லை. ஆனால் அதையேதான் நாள் முழுக்க முணுமுணுக்கிறேன். அணியின் மூன்று பேரும் ஒன்றாகக் குதித்துச் சூப்பர் (பெரிய சிறப்புத் தாக்குதல்) அடிக்கும்போது திரையில் நடக்கும் அந்தக் களேபரத்துக்காக எதையும் மன்னிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் வந்த பழைய ஆட்டங்களின் தொகுப்பில் விளையாடுகிறேன். என் அணி ஸ்பைடர்மேன், ஸ்ட்ரைடர், கேப்டன் கமாண்டோ. சென்டினல் பறந்துகொண்டே மிதித்தால் என் கதை முடிந்தது. சூப்பர் ஆர்மர் இருப்பதால் சின்ன அடிக்கெல்லாம் அவன் அசைவதே இல்லை. கமாண்டோவை உதவிக்குக் கூப்பிட்டால், அவருடைய மின்னல் தூண் எழுவதற்குள் அவரும் சேர்ந்து அடி வாங்குகிறார். எப்போது கூப்பிட வேண்டும்? சென்டினல் மேலே எழும்பும்போதா, இறங்கும்போதா?

ஸ்ட்ரைடருக்கு டாக்டர் டூம்தான் ஜோடி என்பீர்கள், தெரியும். ஆனால் ஸ்பைடர்மேனைக் கழற்றிவிட மனசில்லை. அவனை வைத்துக்கொண்டே ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.