பூம் லிஃப்ட் ராத்திரியில் தானாக இறங்குகிறது. சிலிண்டர் சீலா, வால்வா? உதவி தேவை

காரைக்குடி_லிஃப்ட்

அண்ணன்மார்களே, வணக்கம். என்னிடம் ஒரு பழைய பூம் லிஃப்ட் (பூம் என்கிற நீண்ட கையின் முனையில் பேஸ்கெட் வைத்து ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டி) இருக்கிறது. 60 அடி, நேர் பூம், டீசல், 1999 மாடல். ஏலத்தில் எடுத்த வண்டி. மூன்று வருடமாகக் காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை பக்கம் பெயின்ட் வேலைக்கும் சுதை வேலைக்கும் வாடகைக்கு விடுகிறேன். இங்கே பழைய வீடுகளில் சாரம் கட்ட ஓட்டை போட்டால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக வந்துவிடும், அதனால் லிஃப்டுக்கு நல்ல கிராக்கி.

இப்போது கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் நிற்கிறது. முகப்புக்கு மேலே இருக்கும் கஜலட்சுமிக்கும் கைப்பிடிச் சுவர்ப் பொம்மைகளுக்கும் வர்ணம் தீட்டும் வேலை. போன வியாழன் சாயங்காலம் கீழே மணலும் சுண்ணாம்பும் கொட்டி வைத்துவிட்டார்கள், பூமை முழுதாக இறக்கி வைக்க இடமில்லை, சரி ஒரு ராத்திரிதானே என்று மேலேயே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் பேஸ்கெட் இரண்டரை அடி இறங்கியிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் ஒரு சுதைக் கிளி இருக்கிறது, அதன் மூக்குக்கு நாலு விரற்கடை மேலே வந்து நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கிளி போயிருக்கும்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பூமைத் தூக்கும் லிஃப்ட் சிலிண்டரின் ராட் (உள்ளே வெளியே போய்வரும் தண்டு) காய்ந்து பளபளவென்று இருக்கிறது. ஏற்றும்போது வேகம், சக்தி எல்லாம் பழையபடிதான். இறக்கும்போது மட்டும் லேசாக ஒரு நடுக்கம், அது சில மாதமாகவே உண்டு. போன வருடம் அந்தச் சிலிண்டரின் இரண்டு ஹோஸும் வெடிப்பு விட்டிருந்ததால் புதிதாகப் பிரஸ் பண்ணி வாங்கி நானே மாட்டினேன், அதில் இன்றுவரை ஈரம்கூட இல்லை.

இங்கே ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி சீல் கிட் மாற்ற வேண்டும், கிரேன் வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்கிறார். ஆவணியில் அந்த வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து தினம் இரண்டு முறை போன் போட்டு "தம்பி, வண்டி சரியாகிவிட்டதா?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

மண்வாரி_மெக்கானிக்

சீல்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வெளியே கசிவில்லாமல் பாரம் இறங்கினால் பிஸ்டன் சீல் உள்ளே பாஸ் ஆகிறது, அதாவது எண்ணெயை மறுபக்கம் கசியவிடுகிறது என்று அர்த்தம். 1999 வண்டிக்குச் சீல் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. கழற்றி மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூரான்

கிரேன் செலவுக்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள் அண்ணே. சிலிண்டர் அடியில், எண்ணெய் திரும்பிப் போகாமல் தடுத்துப் பூமை நிறுத்தி வைக்கும் ஹோல்டிங் வால்வு இருக்கும், அதன் தலையில் ஒரு ஆலன் ஸ்க்ரூ இருக்கும், லாக் நட்டை விட்டு அரைச் சுற்று டைட் செய்தால் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் அப்படித்தான் சரி செய்தோம்.

ரிக்_ஃபிட்டர்

தம்பி, அந்த ஸ்க்ரூவில் கையை வைக்காதீர்கள். மேலே சொன்ன தம்பி தெரியாமல் சொல்கிறார். அது தண்ணீர்க் குழாய் இல்லை. சில தயாரிப்பு வால்வுகளில் அதை வலப்பக்கம் திருகினால் செட்டிங் ஏறாது, குறையும். டைட் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பாரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுவோம், ஆளோடு பேஸ்கெட் இறங்கும். அவர் வண்டியில் சரியானது அவர் அதிர்ஷ்டம்.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் தொழில் கற்றவன், பத்து வருடத்துக்கு மேலாக லிஃப்ட் வண்டிகள் பார்க்கிறேன். முதல் வேலை, இது தீரும்வரை அந்தப் பேஸ்கெட்டில் ஒருத்தரையும் ஏற்றாதீர்கள். ஆச்சி பத்து முறை போன் செய்தாலும் சரி. ராத்திரியில் பூமை மேலே விட்டுப் போனதும் தப்பு, அதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

இப்போது விஷயம். அந்த இரண்டரை அடியில் ஒரு பங்குக்கு லீக் காரணம் இல்லை. எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம். வெயிலில் நாள் முழுக்க ஓடிய எண்ணெய் 65 டிகிரி இருந்து விடியற்காலையில் 30-க்கு வந்தது என்று வையுங்கள், 35 டிகிரிக்கு இரண்டரை சதவீதம் போல வரும். ராட் 900 மி.மீ. வெளியே நின்றிருந்தால் 22 மி.மீ. உள்ளே போகும். ராட் ஒரு பங்கு நகர்ந்தால் பேஸ்கெட் பன்னிரண்டு பங்கு நகரும் என்றால் அதுவே ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வால்வும் சீலும் புதிதாக இருக்கிற வண்டியிலும் இது நடக்கும். ஆனால் மிச்சம் ஒன்றரை அடிக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது, அது லீக்தான். சீலா வால்வா என்பதைக் கிரேன் இல்லாமல் ஒரு ஸ்பேனரிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் எண்ணெய் ஆறியிருக்கும்போது, விடியற்காலையில், ஒரு அளவு எடுங்கள். பூமைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, பேஸ்கெட்டுக்கு அடியில் கனமான கட்டைகளை அடுக்கி, இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் நிறுத்துங்கள். பூம் படுக்கையாக இருக்கும்போதுதான் சிலிண்டரில் பாரம் அதிகம், அதனால் சோதனைக்கும் அதுதான் நல்லது. எஞ்சினை அணைத்து, ராட் உள்ளே போகும் வாயை ஒட்டி டேப் ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் இறங்குகிறதா, அணைத்த பிறகும் இறங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு. ராட் பக்கத்திலும் ஹோல்டிங் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எதையும் கழற்றாதீர்கள், முறை வேறு.

காரைக்குடி_லிஃப்ட்

அண்ணே, ரொம்ப நன்றி. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தேன். கட்டைக்கு வேறு கிடைக்காமல் பின்கட்டில் கிடந்த பர்மாத் தேக்கு உத்தரத் துண்டுகளை அடுக்கினேன், ஆச்சிக்குச் சொல்லவில்லை. எஞ்சின் அணைத்த பிறகுதான் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் டேப் 3 மி.மீ. உள்ளே போனது. ஸ்டீல் ஸ்கேலில் வைத்து மூன்று முறை பார்த்தேன். வால்வு அடிப்பக்கம் ஒன்றுதான், ராட் பக்கம் வெறும் போர்ட் (ஹோஸ் மாட்டும் வாய்). சிலிண்டர் உள்விட்டம் 125 மி.மீ. என்று புத்தகத்தில் இருக்கிறது.

ஹோஸ் நெடுகக் கையால் தடவியும் பார்த்துவிட்டேன், எங்கும் லீக் இல்லை.

ரிக்_ஃபிட்டர்

கையால் தடவினீர்களா? இனி அந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தியது மாதிரிதான் இருக்கும், வலியும் அப்போது பெரிதாகத் தெரியாது, அதனால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், சில மணி நேரத்தில் விரல் கையைவிட்டுப் போகிற நிலைக்கு வந்துவிடும். அப்படி ஆனால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே பாய்ந்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படும். லீக் தேட அட்டைத் துண்டு போதும்.

சரி, சோதனைக்கு வருவோம். கட்டைகள் அப்படியே இருக்கட்டும். எஞ்சின் அணைத்து, சாவி உங்கள் பையில். ராட் பக்க ஹோஸின் நட்டை மெதுவாகத் தளர்த்தி, மிச்ச அழுத்தம் போன பிறகு கழற்றி, ஹோஸ் முனைக்கு டம்மி (அடைப்பு மூடி) போடுங்கள். சிலிண்டர் போர்ட் திறந்திருக்கட்டும். போர்ட் கீழே பார்த்திருந்தால் முதலில் கொஞ்சம் வடியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகும் விடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது, மண்வாரித் தம்பி சொன்னது சரி. சொட்டாமல் ராட் மட்டும் உள்ளே போகிறது என்றால் சீல் நன்றாக இருக்கிறது. அப்போது அந்தப் போர்ட் வாய் காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

அடுத்தது, ராட் பக்கத்தை மூடிவிட்டு, அடிப்பக்கத்தில் வால்வுக்கு வரும் ஹோஸை அதே மாதிரி கழற்றுங்கள். ஹோஸை மட்டும். வால்வைத் தொட்டால் பூம் கட்டையில் வந்து உட்காரும். ஹோல்டிங் வால்வு ஒழுங்காக இருந்தால் ஹோஸ் இல்லாவிட்டாலும் ஒரு சொட்டு வரக்கூடாது, ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் நிற்கத்தான் அதைச் சிலிண்டரிலேயே வைத்திருக்கிறார்கள். 125 விட்டத்துக்கு 3 மி.மீ. என்றால் சுமார் 37 மில்லி. வால்வு பாஸ் ஆகிறது என்றால் பத்து நிமிடத்தில் 6 மில்லி அங்கே வந்தே ஆக வேண்டும்.

காரைக்குடி_லிஃப்ட்

செய்துவிட்டேன் அண்ணே. ராட் பக்கப் போர்ட்டில் முதலில் ஒரு கரண்டி அளவு வடிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். போர்ட் விளிம்பில் ஒரு எண்ணெய்க் குமிழி நின்றது, அது மெல்ல மெல்ல உள்ளே போய் உடைந்தது. நீங்கள் சொன்ன காற்று இழுப்பது அதுதான் போல.

பிறகு அடிப்பக்கம். சொட்டு, சொட்டு, சொட்டு. பிள்ளையின் இருமல் மருந்து மூடியை வைத்துப் பிடித்தேன், பத்து நிமிடத்தில் 5 மில்லி கோட்டைத் தாண்டிவிட்டது. சீல் இல்லை, வால்வுதான். மெக்கானிக்கிடம் மூடியைக் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, வால்வைப் பாருங்க" என்றார்.

மண்வாரி_மெக்கானிக்

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வண்டிகளில் பெரும்பாலும் இந்த வால்வே இருக்காது, அதனால் நேராகச் சீலுக்குத்தான் புத்தி போகிறது.

ரிக்_ஃபிட்டர்

நல்லது. பூமை முழுக்க இறக்கித் தாங்கியில் உட்கார வைத்து, சிலிண்டரில் அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகு கார்ட்ரிட்ஜை (வால்வின் கழற்றக்கூடிய உள்பகுதி) வெளியே எடுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் டீசல் தொட்டுத் துடையுங்கள், நம் ஊர்ச் செம்மண் ஒரு துகள் உள்ளே போனால் புது வால்வும் போச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

காரைக்குடி_லிஃப்ட்

எடுத்தேன். ஓரிங் நன்றாக இருக்கிறது, அதற்குத் துணையாக இருக்கும் பேக்கப் ரிங் ஒரு இடத்தில் கிள்ளினது போல இருக்கிறது. உள்ளே சீட்டில் (வால்வு மூடும்போது வந்து உட்காரும் இடம்) வெள்ளையாக ஒரு துணுக்கு, நகக்கண் அளவுகூட இல்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புதான் அண்ணே. மேலே பூச்சு உதிர்க்கும்போது வண்டி முழுக்க வெள்ளைத் தூளாகக் கிடக்கும், டேங்க் மூடி வழியாக உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ரிக்_ஃபிட்டர்

டேங்கில் விழுந்த சுண்ணாம்பு பம்ப், ஃபில்டர் எல்லாம் தாண்டி நகக்கண் அளவில் அங்கே வராது. அந்தத் துணுக்கை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் பொடியாகும்.

காரைக்குடி_லிஃப்ட்

பொடியாகவில்லை. இழுத்தால் நூல் மாதிரி நீள்கிறது.

ரிக்_ஃபிட்டர்

டெஃப்லான் டேப். போன வருடம் ஹோஸ் மாட்டினது யார்?

காரைக்குடி_லிஃப்ட்

நான்தான். மோட்டார் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி நிப்பிள் மரையில் ஆறு சுற்றுச் சுற்றி மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

ரிக்_ஃபிட்டர்

சிரிக்காமல் எழுதுகிறேன். அந்த நிப்பிளில் மரை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான், எண்ணெயைத் தடுப்பது முனையில் இருக்கும் கூம்பு. டேப் சுற்றியிருந்தாலும் சுற்றாவிட்டாலும் ஒழுகாது. ஆனால் இறுக்கும்போது டேப் ஓரம் நறுக்கி உள்ளே தொங்கும், பூமை ஏற்றும்போது எண்ணெய் அதை அடித்துக்கொண்டு நேராக ஹோல்டிங் வால்வு சீட்டில் கொண்டுபோய் வைக்கும். நடுவில் ஃபில்டர் கிடையாது. சிறிது சிறிதாக அங்கே சேர்ந்ததுதான் உங்கள் நடுக்கத்துக்கும் காரணமாக இருக்கலாம்.

துணுக்கை எடுத்துவிட்டுப் பழைய வால்வையே போட்டு ஓட்டலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சீட்டில் கோடு விழுந்திருக்கும். உடலில் அடித்திருக்கும் எண்ணைச் சொல்லி அதே எண்ணில் புதியது வாங்குங்கள், செட்டிங் கம்பெனியிலேயே வைத்து வரும், ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். மாட்டும்போது இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அவசியம்; குழாயைப் போட்டு நீட்டி இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் உடல் நெளிந்து உள்ளே நகரும் தண்டான ஸ்பூல் சிக்கும். இரண்டு ஹோஸின் நான்கு முனையையும் கழற்றி டேப்பை ஒட்ட ஒட்டச் சுரண்டித் துடையுங்கள். பிறகு ஆளில்லாமல் ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்.

காரைக்குடி_லிஃப்ட்

கோயம்புத்தூரிலிருந்து வால்வு வர நாலு நாள் ஆனது, நேற்று மாட்டினேன். நான்கு முனையில் மூன்றில் டேப் கிழிந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று எடுத்த பிறகு இறங்கும்போது இருந்த நடுக்கம் இல்லை. பேஸ்கெட்டில் 227 கிலோ என்று தகட்டில் இருக்கிறது, அதனால் 50 கிலோ சிமென்ட் மூட்டை நாலரை ஏற்றி, அதே தேக்குக் கட்டைக்கு மேலே, இன்று விடியற்காலையில் டேப் ஒட்டி இரண்டு மணி நேரம் வைத்தேன். டேப் ஒட்டின இடத்திலேயே நிற்கிறது, ஸ்கேலில் வித்தியாசம் தெரியவில்லை.

பள்ளத்தூரான்

அண்ணே, எங்கள் வண்டியில் அரைச் சுற்று திருகினதை எப்படிப் பழையபடி வைப்பது?

ரிக்_ஃபிட்டர்

வைக்க முடியாது தம்பி, கேஜ் வைத்து பெஞ்சில் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் புதிது போடுங்கள். அதுவரை வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். வால்வு போட்டோவையும் எண்ணையும் தனி இழையில் போடுங்கள், பார்க்கிறேன்.

காரைக்குடி_லிஃப்ட்

நாளை முதல் வேலை தொடங்குகிறது. கட்டைகளைப் பின்கட்டில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒன்றில் மட்டும் எண்ணெய்க் கறை போகவில்லை, ஆச்சி வருவதற்குள் எதைத் தேய்த்தால் போகும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.